அன்னக்கொடி பளம்

சிவகாசியிலிருந்து வந்திறங்கிய முதல் பெட்டியை முனீஸ்வரி யாரையும் தொடவிடாமல் தன் கையாலேயே பிரித்தாள். மேலாக இருந்த கவர் ஒன்றை உருவி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். படம் எப்படி வந்திருக்கிறது, நிறம் சரியாக இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கவில்லை. நேராக ஒரே ஒரு எழுத்தைத்தான் பார்த்தாள். 'அன்னக்கொடி பழம்.' நடுவில் ழகரம், வாலைச் சுழித்துக்கொண்டு, பிசிறில்லாமல், ராஜாத்தி மாதிரி உட்கார்ந்திருந்தது. நாற்பத்தேழு வயதுப் பெண், அறுபத்திரண்டு பேருக்கு வேலை கொடுக்கிறவள், ஒரு எழுத்தைப் பார்த்துக் கண் கலங்கினாள் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் நடந்தது.

மதுரைக்காரர்களுக்கும் ழகரத்துக்கும் ஏழாம் பொருத்தம். எங்களுக்கு மழை என்றால் மளை, வாழை என்றால் வாளை. அதற்காக இங்கே மழை பெய்யாமலும் இல்லை, வாழை குலை தள்ளாமலும் இல்லை. வாயில் எப்படிச் சொன்னாலும் எழுதும்போது மரியாதையாக ழகரம் போட்டுவிடுவோம். ஒரே ஒரு கம்பெனி மட்டும் அந்த மரியாதையையும் விட்டுவிட்டு, நாற்பது வருடமாக மஞ்சள் கவரில் பச்சை நிறத்தில் கொட்டை எழுத்தில் 'அன்னக்கொடி பளம்' என்று அச்சடித்து, தேனி முதல் விருதுநகர் வரை கடைக்குக் கடை தொங்கவிட்டிருந்தது. அந்தக் கம்பெனி முனீஸ்வரியின் அப்பா நல்லகாமன் தொடங்கியது. அன்னக்கொடி அவளுடைய அம்மா.

நல்லகாமன் எழுமலைக்காரர். மழை பொய்த்த ஒரு வருடம் பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வந்து, கீழமாசி வீதியில் மூட்டை தூக்கினார். தூக்கிய மூட்டைகளில் பாதி பேரீச்சம்பழம். கப்பலில் வந்து, வெயிலில் கசிந்து, கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். கடைக்காரர் ஒரு கட்டியைப் பிய்த்து, நிறுத்து, செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பார். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் பழத்தோடு பாதிச் செய்தியும் ஒட்டிக்கொண்டு வரும். ஆறு வருடம் இதைப் பார்த்த நல்லகாமனுக்கு ஒரு நாள் எரிச்சலோடு ஒரு யோசனையும் வந்தது. ஒரு மூட்டையைத் தானே வாங்கி விளாங்குடியில் குடியிருந்த ஒற்றை அறைக்குக் கொண்டுபோனார். அன்னக்கொடி அதைக் கட்டி உடைத்து, கல்லும் ஓலைத் துணுக்கும் பூச்சி அரித்ததும் பொறுக்கி எறிந்து, நல்லதை மட்டும் பிளாஸ்டிக் பையில் போட்டாள். பையின் வாயை மடித்து மெழுகுவத்திச் சுடரில் காட்டி ஒட்டினாள். ஒரு நாளைக்கு நானூறு பை. அந்தச் சூட்டில் அவளுடைய விரல் நுனிகள் தேய்ந்துபோய், பிற்காலத்தில் ஆதார் எடுக்கப் போனபோது மெஷின் அவள் கைரேகையை ஒப்புக்கொள்ளவே இல்லை. "கம்பெனிக்குக் குடுத்துட்டேன் தம்பி, இனி எங்க போய் ரேகை வாங்குறது?" என்று மெஷின்காரரிடம் சிரித்தாளாம். அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. பேர் மட்டும் கடை கடையாக இருக்கிறது.

பேரீச்சைக்குப் பிறகு கிஸ்மிஸ் வந்தது, அத்தி வந்தது, உசிலம்பட்டிப் பக்கத்து நெல்லி உலர்ந்து வந்தது. ஒற்றை அறை மூன்று மாடிக் குடோன் ஆனது. மற்ற கம்பெனிக்காரர்கள் பழம் மினுமினுக்க எண்ணெய் தடவுவார்கள். நல்லகாமன் கடைசிவரை ஒரு சொட்டுத் தடவவிட்டதில்லை. "பளத்துக்கு எதுக்குடா தல சீவி விடுறீங்க?" என்று கேட்பார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். பேங்கில் இன்றைக்கும் கைநாட்டுதான். ஆனாலும் கிஸ்மிஸை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்து, காய வைத்தபோது மழை பட்டதா படவில்லையா என்று சொல்லிவிடுவார்.

இப்படிப்பட்ட அப்பாவுக்குப் பிறந்த மகள் தலை நிமிர்ந்துதான் நடக்க வேண்டும். முனீஸ்வரியும் நிமிர்ந்துதான் நடந்தாள், அந்த ஒரு எழுத்து கண்ணில் படாத இடத்தில் மட்டும்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பளம்'. அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். எம்.ஏ. தமிழ் படிக்கும்போது நடந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எழுத்துப் பிழைகளைப் பற்றிப் பாடம் நடத்திய பேராசிரியர் ஒரு நாள் கைப்பையிலிருந்து மஞ்சள் பாக்கெட் ஒன்றை எடுத்து உயர்த்திப் பிடித்தார். "பாருங்கள், தமிழ் வளர்த்த மதுரையின் லட்சணத்தை!" என்றார். வகுப்பே சிரித்தது. அது யார் வீட்டுப் பாக்கெட் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்த தோழிகள் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். முனீஸ்வரி நோட்டில் எதையோ எழுதுகிறவள் போலக் குனிந்துகொண்டாள். அன்றிலிருந்து பேச்சில்கூட ழகரத்தை நாக்கை மடித்து, அளந்து உச்சரிப்பாள். கீரைக்காரியிடம் "வாழைப்பூ என்ன விலை?" என்று கேட்டால், கீரைக்காரி இவள் டி.வி.யில் செய்தி வாசிக்கிறவளோ என்று ஏறிட்டுப் பார்ப்பாள்.

எழுத்தைத் திருத்தச் சொல்லி அப்பாவிடம் மூன்று முறை கேட்டிருக்கிறாள். கல்யாணத்துக்கு முந்தின மாதம் ஒரு முறை, குடோன் கட்டியபோது ஒரு முறை, பேக்கிங் மெஷின் வந்தபோது ஒரு முறை. மூன்று முறையும் ஒரே பதில்தான்.

"எத வேணும்னாலும் மாத்துத்தா. அந்த எளுத்த மட்டும் தொடாத."

"அது தப்புப்பா. நீ வாயில சொன்னத, பிரஸ்காரரு காதுல விழுந்தபடி அடிச்சுட்டாரு. அதக் கட்டிக்கிட்டு அழணுமா?"

"ஆமா. நாந்தேன் சொன்னேன். அடிச்சுட்டாரு. இருந்துட்டுப் போகட்டும்."

பிடிவாதக்காரக் கிழவன் என்று அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். கோபம் மிஞ்சினால் குடோன் பெண்கள் முன்னாலேயே, "எழுத்தறியாத ஆளுகிட்டப் பேசி என்ன பண்றது" என்று சொல்லிவிடுவாள். நல்லகாமன் அதைக் கேட்டு ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. தோளில் கிடக்கும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு மூட்டைகளைப் பார்க்கப் போய்விடுவார்.

இந்த வருடம் கம்பெனிக்கு நாற்பது வயது. தை மாதத்தில் நல்லகாமன் எல்லாக் காகிதங்களையும் மகள் பேருக்கு மாற்றி எழுதிக் கொடுத்தார். முனீஸ்வரி நாலாவது முறையாக வாய் திறந்தாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார்.

"கம்பெனி ஒன்னோடதாயிருச்சு. இனிமே ஒன் இஷ்டம் தாயி" என்றார்.

அவ்வளவுதான். முனீஸ்வரி அன்றைக்கே சிவகாசிக்கு ஆர்டர் கொடுத்தாள். மகால் பக்கத்தில் பிரஸ் வைத்திருக்கும் சௌரிராஜன்தான் முதல் நாளிலிருந்து இவர்களுக்குக் கவர் அடித்தவர். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிழையாக அடித்துக் கொடுத்த மனிதரிடம் என்ன சொல்வது என்று இருந்துவிட்டாள். மிச்சமிருந்த பழைய கவர் மூட்டைகளைப் பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவருக்குப் போட்டுவிட்டு, அந்த வண்டி திண்டுக்கல் ரோட்டில் ஏறித் திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்தாள்.

ரம்ஜான் நோன்பு தொடங்கப் பத்து நாள் இருந்தது. பேரீச்சை வியாபாரத்தில் பாதி அந்த ஒரு மாதத்தில்தான். ஐம்பதாயிரம் பாக்கெட் புதுக் கவரில் நிரம்பி, நாலு வேனில் ஏறி, திசைக்கொன்றாகப் புறப்பட்டது. முதல் வேன் மதியத்துக்குள்ளேயே திரும்பி வந்துவிட்டது. அதை ஓட்டிப்போன அழகுபாண்டி அவளுடைய சித்தப்பா மகன். சரக்கு விற்பனை முழுக்க அவன் பொறுப்பு.

"யக்கா, கோரிப்பாளையத்துல நஜ்முதீன் பாய் மிச்சப் பெட்டிய எறக்க விட மாட்டேங்கிறாரு."

"ஏனாம்?"

"டூப்ளிகேட்டாம்."

"என்னது?"

"சத்தியமா அதேன் சொன்னாரு. காலையில வச்ச ரெண்டு பெட்டியையும் ஜனம் திருப்பிக் கொண்டாந்து போட்டுருச்சாம்."

முனீஸ்வரி அதே வேனில் ஏறி உட்கார்ந்தாள். வழி முழுக்க அவளுக்குக் கோபம்தான், பயம் இல்லை. பாய்க்கு எடுத்துச் சொன்னால் புரிந்துவிடும் என்று நினைத்தாள்.

தர்காவுக்குப் போகிற வழியில் நஜ்முதீன் பாயின் கடை. பாய் எழுந்து நின்று வரவேற்றார், நாற்காலி போட்டார், சர்பத் வரவழைத்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. சரக்கை மட்டும் தொடவில்லை.

"நீங்க சொன்னா நான் நம்புவேம்மா. ஜனங்க நம்பணுமே? முன்னால அன்னக்கிளின்னு ஒருத்தன் போட்டான், அன்னக்கோடின்னு ஒருத்தன் போட்டான். அதே மஞ்சக் கவரு, அதே பச்ச எழுத்து. ஆனா அத்தன நகல்லயும் ழானா கரெக்டா போட்டிருப்பான். அஸல்ல மட்டுந்தான் ளானா. அத வச்சுத்தான் எங்க ஜனம் கண்டுபிடிக்கும். இப்ப நீங்களே ழானா போட்டுட்டு வந்தா?"

அப்போதுதான் ஒரு அம்மாள் கையில் புதுப் பாக்கெட்டோடு படியேறி வந்தார். கருப்பு அங்கியின் முகத்திரையைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பாக்கெட்டை மேசையில் தொப்பென்று வைத்தார்.

"என்னா பாய், நோம்பு நேரத்துல போயி இப்படிப் பண்ணலாமா? அன்னக்கொடி கேட்டா நகலைக் குடுத்து விட்டுருக்கீங்க."

முனீஸ்வரி எழுந்தாள். "அம்மா, இது அசல்தான். நாங்கதான் கம்பெனி. முன்னால இருந்தது எழுத்துப் பிழை. இதுதான் சரியான தமிழ்."

அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். "சரியான தமிழ வச்சு நான் என்னம்மா பண்ணப் போறேன்? எனக்குச் சரியான பளம் வேணும்" என்று சொல்லிவிட்டு, பாய் பக்கம் திரும்பி, பாக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

திரும்பும் வழியில் போன் விடாமல் அடித்தது. செல்லூரில் ஏழு கடை. உசிலம்பட்டியில் மொத்த வியாபாரி. தேனியிலிருந்து ஒருவர், "என்னக்கா, கம்பெனிய வேற யாருக்கும் வித்துட்டீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் முனீஸ்வரியை உலுக்கியது. சரக்கு திரும்பி வந்தால் வேறு கவரில் மாற்றலாம். பேர் போனால் எங்கே போய் மாற்றுவது? அம்மாவின் கைரேகை முழுக்க அந்தப் பேரில் இருக்கிறது. நாற்பது வருடம் அப்பா கட்டிக் காத்ததைத் தன் கைக்கு வந்த இரண்டே மாதத்தில் நகலாக்கிவிட்டோமே என்று அவளுக்குக் குமுறிக்கொண்டு வந்தது. பழைய கவராவது இருந்ததா? அதையும்தான் வண்டி ஏற்றி வழியனுப்பிவிட்டாளே.

போக இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மறுநாள் காலை மகால் பக்கத்துத் தெருவில் சௌரிராஜன் பிரஸ் வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

சௌரிராஜன் எழுபதைத் தொடுகிறவர். பிரஸ்ஸை இப்போது மகன் விஜய்ஆனந்த் பார்த்துக்கொள்கிறான். ஆர்டரை எடுத்து சிவகாசிக்குக் கொடுத்தவள் வந்து நிற்கிறாளே என்று இரண்டு பேரும் முகத்தைத் திருப்பவில்லை. விஜய்ஆனந்த் உடனே கணக்குப் போட்டான். புதுக் கவர் அடிக்க நாளாகும், ஆனால் பழைய எழுத்தை மஞ்சள் ஸ்டிக்கரில் அடித்து, புதுக் கவரில் 'பழம்' இருக்கிற இடத்தில் ஒட்டிவிடலாம். இரண்டு மெஷினையும் ஓட்டினால் நாளை சாயங்காலத்துக்குள் ஐம்பதாயிரம் தந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு, பழைய எழுத்தைத் தேடி எடுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான்.

பிரச்சினை தீர்ந்தது என்றதும் முனீஸ்வரிக்கு அடக்கி வைத்திருந்த ஆற்றாமை பொங்கிவிட்டது.

"எழுத்தறியாத மனுசன் வாய்க்கு வந்ததச் சொன்னாரு. நீங்களும் காதுல விழுந்தபடி அடிச்சுக் குடுத்துட்டீங்க. அந்தத் தப்ப நாப்பது வருசமா நான் சுமக்குறேன். திருத்தப் போனா அதுக்கும் எனக்குத்தான் அடி."

சௌரிராஜன் கண்ணாடியைக் கழற்றினார். "நான் காதுல விழுந்தபடி அடிச்சேனா? யாரும்மா சொன்னா?"

"அப்பாதான் சொல்வாரு."

சௌரிராஜன் மகனிடம் சௌராஷ்டிரத்தில் ஏதோ வேகமாகச் சொன்னார். மகன், "விடுங்கப்பா, சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கீங்கல்ல?" என்று தமிழில் பதில் சொன்னான். அது அவளுக்கும் கேட்கட்டும் என்றே தமிழில் சொன்னானோ என்னவோ.

"குடுத்தேன்டா. நாப்பது வருசம் காப்பாத்தவும் செஞ்சேன். அந்த மனுசன் பெத்த பொண்ணே இப்படிப் பேசுனா நான் எப்படிடா வாய மூடிக்கிட்டு இருக்கிறது?" என்றார் சௌரிராஜன். அவள் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"ஒரு நாள் சாயங்காலம் ஒங்கப்பா கோடு போட்ட நோட்டுத் தாள் ஒண்ண மடிச்சு எடுத்துட்டு வந்தாரும்மா. பென்சில்ல எழுதியிருந்துச்சு, 'அன்னக்கொடி பளம்'னு. எம்மக எழுதுனது, ரெண்டாப்பு படிக்கிறா, இந்த எழுத்த இப்படியே அச்சுல ஏத்துங்கன்னாரு. அண்ணே, ழானால்ல வரணும்னு நான் சொன்னேன். சண்டைக்கு வந்துட்டாரு. 'அவ இஸ்கூல்ல படிக்கிற புள்ள. எங்க வம்சத்துலயே மொத மொதப் பென்சில் பிடிச்சவ. அவ எழுதுனத நீங்க திருத்துவீங்களாக்கும்?' அப்படின்னாரு. சரி, நமக்கென்னன்னு அத அப்படியே படம் பிடிச்சு, ஸ்க்ரீன் பண்ணி, ஐயாயிரம் கவரு அடிச்சுக் குடுத்தேன்."

முனீஸ்வரி பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"கவரு கைக்கு வந்த மறுநாளே ஒங்க பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்காரு, டீச்சர்ட்டக் காட்ட. 'எம்மக எழுத்து டீச்சர்'னு சொல்லிப் பெருமையடிக்கப் போன மனுசன். வாயத் தொறக்குறதுக்குள்ள டீச்சர் கவரப் பாத்துச் சிரிச்சுட்டாங்க. 'எந்த மண்டு எழுதுனது இது'ன்னு கேட்டுட்டாங்க. இவரு சட்டுன்னு, 'நாந்தேன் எழுதுனேன் டீச்சர்'னு சொல்லிட்டு நேரா இங்க வந்து ஒக்காந்தாரு. கையெழுத்துப் போடத் தெரியாத ஆளும்மா அவரு! வேற ஸ்க்ரீன் பண்ணித் தாரேண்ணே, ழானா போட்டு நானே எழுதித் தாரேன், காசு வேணாம்னு சொன்னேன். ஒத்துக்கலையே. 'நீங்க எழுதுனா அது ஒங்க எழுத்தாயிரும். அப்ப எம்மக எழுத்து எங்க போகும்?' அப்படின்னாரு. அதுக்குப் பெறகு கவரு மாத்துற போதெல்லாம் நேர்ல வந்து, அந்த எழுத்து அப்படியே இருக்கான்னு தடவிப் பாத்துட்டுத்தான் போவாரு. அப்படி ஒரு எழுத்துதாம்மா நீங்க சிவகாசியில போயித் திருத்துனது."

விஜய்ஆனந்த் திரையை அவள் பக்கம் திருப்பினான். பழைய எழுத்து பெரிதாகத் தெரிந்தது. அடிக்கோட்டைத் தாண்டிச் சரிகிற ப. தலை பெருத்துக் கால் சிறுத்த ள. ம் மேலே, விட்டுப் போய்விடக் கூடாதே என்று இரண்டு தடவை அழுத்தி வைத்த புள்ளி. வாழ்க்கை முழுக்கப் பார்த்த எழுத்துதான். வெட்கத்தில் ஒரு தடவைகூட உற்றுப் பார்த்ததில்லை. அந்தச் சாயங்காலம் அவளுக்கு ஞாபகம் இல்லை, எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஆனால் அது ஏழு வயதுப் பிள்ளையின் கை என்பது கண்ணுள்ள யாருக்கும் தெரியும். வகுப்பில் பேராசிரியர் உயர்த்திப் பிடித்தது தன் எழுத்தைத்தான் என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவை எழுத்தறியாதவர் என்று எத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்ததும் அந்தச் சிரிப்பு அழுகையாக மாறியது. சௌரிராஜன் மகனைக் காபி வாங்கிவர அனுப்பிவிட்டு, ஒரு பழைய பில் புத்தகத்தை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார்.

விளாங்குடிக்கு வந்தபோது குடோன் கூடத்தில் திரும்பி வந்த பெட்டிகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. பேக்கிங் பெண்களின் மேற்பார்வையாளர் ராமக்காள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எதைப் பிரிப்பது எதை விடுவது என்று தெரியாமல் நின்றாள். நல்லகாமன் மட்டும் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கசங்கி வந்த பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் துண்டால் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை, 'நான் அப்பவே சொன்னேன்ல' என்கிற ஒரே ஒரு வார்த்தை, அவர் வாயிலிருந்து வரவில்லை.

முனீஸ்வரி அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"யப்பா. அந்த ளானா நான் எழுதுனதா?"

அவர் கை நின்றது. "யாரு சொன்னா? அந்த மகால்காரனா? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டாம் போல."

"எங்கிட்ட ஏன்ப்பா சொல்லல?"

"சொன்னா அளுவ. சின்னப் புள்ள."

"வளந்த பெறகாவது சொல்லலாம்ல? எம்புட்டுத் தடவ ஒன்னையத் திட்டிருப்பேன், எழுத்தறியாத ஆளுன்னு?"

"உள்ளதத்தானே சொன்ன? எனக்கு எளுதத் தெரியாதுதானே?"

"காலேஜ் முடிச்சு, கல்யாணத்துக்கு முந்திக் கேட்டேனே, அப்பவாச்சும்..."

"நல்லாருக்கே! தமிள்ல அம்புட்டுப் பெரிய படிப்புப் படிச்சுப்புட்டு எம்மக வந்து நிக்கிறா. அவகிட்டப் போயி 'தப்பு ஒன்னோடதுத்தா'ன்னு சொல்லுவேனாக்கும்?" நல்லகாமன் துண்டை உதறி மடியில் போட்டுக்கொண்டார். "அந்த டீச்சரு சிரிச்சுச்சு பாரு, அன்னைக்கே முடிவு பண்ணுனேன். எம்மக எளுதுனது தப்புன்னு ஒரு பய வாயில வரக் கூடாது. எளுத்த மாத்த எனக்கு மனசில்ல. அதேன் ஊர மாத்திப்புட்டேன். நல்ல பளமாப் பாத்துப் பாத்துப் போட்டு, ஊரையே அப்படிப் படிக்கப் பளக்கிட்டேன். இன்னைக்கு எவனாச்சும் அதத் தப்புங்கிறானா? நீ சரியா எளுதுனதத்தான் தப்புங்கிறான்!"

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, மூட்டை தூக்கின நாளிலிருந்து சேர்த்து வைத்த சிரிப்பு. ராமக்காளும் பெண்களும் காதில் விழாதது போலப் பெட்டிகளை நகர்த்தினார்கள். ஆனால் எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். முனீஸ்வரி அப்பாவின் மடியில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மடியிலேயே கொஞ்ச நேரம் முகத்தை வைத்திருந்தாள். இப்படிப்பட்ட மனிதருக்கு மகளாகப் பிறந்ததற்கு என்ன புண்ணியம் செய்தோமோ என்று நினைத்துக்கொண்டாள்.

ஸ்டிக்கர் வந்ததும் கூடத்தில் ஆளுக்கொரு கட்டாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சிவகாசி ழகரத்தின் மேல் ரெண்டாம் வகுப்பு ளகரம் ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்தது. ஐம்பதாயிரமும் ஒட்டி முடித்து, நோன்புக்கு ஒரு நாள் மிச்சமிருக்கும்போதே வேன்கள் கிளம்பிவிட்டன. கோரிப்பாளையத்துக்குப் போன வேனில் முனீஸ்வரியும் ஏறிக்கொண்டாள். "நானும் வாரேன்" என்று நல்லகாமனும் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

நஜ்முதீன் பாய் கடையில் காலையிலேயே நெரிசல். பெட்டி உடைய உடையக் கைகள் நீண்டன. ஸ்டிக்கரை நகத்தால் நிமிண்டிப் பார்த்த ஒரு கிழவர், "இதான் அஸல்" என்று பேரனிடம் தீர்ப்புச் சொன்னார். பாய் முனீஸ்வரியைப் பார்த்து, தலைக்கு மேலே கையைத் தூக்கிச் சலாம் வைத்தார்.

கூட்டத்தில் ஒரு டீச்சர் இருந்தார். கழுத்தில் ஏதோ பள்ளிக்கூடத்து அடையாள அட்டை தொங்கியது. ஊருக்குப் புதிது போலிருக்கிறது. பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பாயிடம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"சரியா இருக்கிற எழுத்து மேல தப்பான எழுத்த ஒட்டியிருக்காங்களே, இது என்ன கூத்து? இவ்வளவு பெரிய கம்பெனி. யாரு எழுதினது இது?"

பாய் முனீஸ்வரியைப் பார்த்தார். முனீஸ்வரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு டீச்சர் முன்னால் போய் நின்றாள்.

"நாந்தேன் டீச்சர் எழுதுனேன். ரெண்டாப்பு படிக்கிறப்ப" என்றாள். சொல்லும்போது அவளுக்குத் துளி வெட்கம் இல்லை. பரிசு வாங்க மேடை ஏறியவள் போல நிமிர்ந்து நின்றாள்.

வேனிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்த நல்லகாமன் காதில் இது விழுந்ததுதான் தாமதம், பெட்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு, எழுபத்தைந்து வயதை மறந்து ஓடி வந்தார்.

"அவ கெடக்குறா டீச்சர்! எம்.ஏ. படிச்ச புள்ள இப்படி எளுதுமா? நாந்தேன் எளுதுனேன்" என்று மகளைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றார்.